கொடிமரத்துக்கு மேலே

மணி நாலே முக்கால் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேட்டவலத்துக்காரர் சொன்னார், யாரும் கேட்காமலே. கால் மணிக்கு ஒருதரம் அவர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆறு மணிக்கு டாண்ணு அம்மையப்பனா சாமி வெளியே வரும், ரெண்டே நிமிஷம், ஆடிக்கிட்டே வந்து ஆடிக்கிட்டே உள்ளே போயிடும், அந்த நேரத்துக்குத்தான் மலை மேலயும் தீபம், நான் வர்றது இது முப்பத்தோராவது வருஷம் சார், ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆனதில்லே. எத்திராஜ் தலையாட்டினார். அவருக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. பசி இல்லை, மனைவி பச்சையம்மாள் செஞ்சியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைக் கோபுரத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும்போதே சாப்பிட்டாயிற்று. இது வேறே. முதன்முதலாக ஐம்பத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு பஸ்ஸை ஸ்டாண்டை விட்டு வெளியே திருப்பிய அன்றைக்குச் செய்தது இப்படி. அப்புறம் மகள் செண்பகம் பிறந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில். மூன்றாவது தடவையாக இன்றைக்கு, ஐம்பத்தேழு வயசில், திருவண்ணாமலைக் கோயிலுக்குள், கொடிமரத்துக்கு எதிரே, கார்த்திகை தீபத்தன்று, கையில் நுழைவுச் சீட்டோடு. சீட்டு பச்சையம்மாளின் சித்தப்பா மகன் வழியாகக் கிடைத்தது, கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கிற ஆள். இரண்டே இரண்டு சீட்டு. உள்ளே விடுகிற வரைக்கும் எத்திராஜுக்கு நம்பிக்கை இல்லை. போலீஸ்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, இது செல்லாது, பழையது, போன வருஷத்தது என்று சொல்லிவிடுவார் என்றுதான் இருந்தது. சொல்லவில்லை, “போங்க, போங்க” என்று தோளில் தட்டினார். தட்டின இடம் இன்னும் அப்படியே இருந்தது. போங்க. போயாச்சு. உள்ளே வந்தாச்சு. கல்தரை மழையில் நனைந்து உள்ளங்காலில் ஜில்லென்று ஏறுகிறது, எங்கிருந்தோ நெய் வாசனை, கற்பூரம், ஈரத் தலைமுடி, யாரோ ஒரு குழந்தை விடாமல் பீப்பி ஊதுகிறது, நாலா பக்கமும் ஜனங்கள், ஜனங்கள். “செண்பா அப்பா, இன்னாத்துக்கு தனியா சிரிக்கிறீங்க?” என்றாள் பச்சையம்மாள். சிரித்தேனா? சிரித்திருப்பேன். “ஒண்ணுமில்ல பச்ச” என்றார். அவள் அவருடைய முழங்கை உயரம்தான் இருப்பாள். உட்கார்ந்திருந்தாலும் குட்டையாகத்தான் தெரிவாள். அவளைப் பார்ப்பதற்கு அவர் தலையை முழுசாகத் திருப்பவேண்டியிருந்தது, ஓரக்கண்ணால் பார்த்தால் போதும் என்கிற காலம் போய்விட்டது. அதைப் பற்றி இப்போது நினைக்கக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார்.

இருபத்தாறு வருஷம் தீப ஸ்பெஷல் ஓட்டியாயிற்று. செஞ்சி டு திருவண்ணாமலை, திருவண்ணாமலை டு செஞ்சி, ஒரு நாளைக்கு ஏழு நடை, எட்டு நடை, கூரை மேல்கூட ஆள். அந்த இருபத்தாறு வருஷத்து ஆறு மணிகளில் ஒன்றுகூட அவருக்குக் கோயில் பக்கம் அமையவில்லை. ஒரு வருஷம் தற்காலிக பஸ் நிலையத்துச் சேற்றில் புதைந்த சக்கரத்துக்கடியில் கல் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது அரோகரா என்று ஒரு சத்தம் வந்தது, பூமிக்குள்ளிருந்து வருவது மாதிரி, முதுகில் மண் அதிர்ந்தது, அவர் ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் கும்பிட்டார், வண்டியின் அடிவயிற்றைப் பார்த்து. ஆனால் ஜோதியை அவர் பார்க்காமல் இல்லை. அதைச் சொல்லவேண்டும். ஏற்றுகிற நொடியைத்தான் பார்த்ததில்லை, எரிகிற ஜோதியை அவர் பார்த்ததுபோல் யார் பார்த்திருப்பார்கள். பதினோரு நாள் எரியும். ராத்திரி நடையில் ஆலம்பூண்டி தாண்டினதும் கண்ணாடியில் ஒரு புள்ளி வரும், முன்கண்ணாடியின் மேல் விளிம்பில், மஞ்சளாக. அப்புறம் ரோடு வளையும், புள்ளி இடது பக்கம் போகும், மறுபடி நடுவுக்கு வரும். கீழ்பென்னாத்தூர் வந்தால் புள்ளி இல்லை, நாக்கு. பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அரோகரா என்பார்கள், அவர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஜோதியைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டலாம், அதற்கு நேராகத்தான் ரோடு. இருபத்தைந்து வருஷம் அப்படித்தான். போன வருஷம் வரவில்லை. ஆலம்பூண்டி தாண்டியாயிற்று, வரவில்லை. மேகம் போலிருக்கிறது என்று நினைத்தார். மேகம்தான், கார்த்திகை மாதம் மேகமில்லாமல் எப்படி. கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது பின்னால் கண்டக்டர் தணிகாசலம், “அண்ணே, இன்னா எரியுது பாருண்ணே! இந்த வருஷம் சுத்தமா இருக்குது வானம்” என்றான். பஸ் முழுக்க அரோகரா என்றது. எத்திராஜ் கண்ணாடிக்குள் பார்த்தார். கறுப்பு. எதிரே வருகிற வண்டியின் விளக்கு, ரோட்டின் நடுக்கோடு, அவ்வளவுதான், மீதியெல்லாம் கறுப்பு. தலையை அப்படி இப்படித் திருப்பினார், தற்செயலாக, ஒரு கழுத்து வலிக்காரன் திருப்புகிற மாதிரி, அப்போது சட்டென்று ஒரு துளி வெளிச்சம் வந்து போயிற்று, பல்லி மாதிரி. “ஆமாண்டா, நல்லா எரியுது” என்றார் தணிகாசலத்திடம். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அஞ்சு மணி” என்றார் வேட்டவலத்துக்காரர். “மேகத்தைப் பாத்தீங்களா சார்? உச்சியை மூடிக்கினு கீது. ஆனா ஒண்ணு, ஆறு மணிக்கு விலகிடும். ரெண்டாயிரத்து அஞ்சுல இப்படித்தான்.” எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தார். முதலில் வானம். கொஞ்சம் இறக்கினார், மண்டபத்து விளிம்பு. நகர்த்தினார், ஒரு கோபுரத்துப் பொம்மை, அதன் கை மட்டும். இன்னும் நகர்த்தினார், மலை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு. ஆமாம் மேகம்தான். நிஜமான மேகம்! எல்லாருக்கும் தெரிகிற மேகம்! அதில் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது, உடனே வெட்கமும் வந்தது. மேகம் மூடிக்கொண்டால் எல்லாரும் ஒரே மாதிரிதானே, யாருக்கும் தெரியாது, யாரும் யாரையும் பார்த்து இன்னா எரியுது பாருண்ணே என்று சொல்லமாட்டார்கள். சே, என்ன நினைப்பு இது. அண்ணாமலையாரே மன்னிச்சுடு. லட்சம் ஜனம் காத்துக்கிட்டு இருக்குது. விலக்கிடு. இன்று பார்த்துவிட்டால் போதும். அந்த ஒரு நொடி. கறுப்பாக இருக்கிற உச்சியில் முதல் பொறி பட்டு, ஒரு விநாடி ஒன்றுமில்லாமல் இருந்து, குப்பென்று பிடிக்குமாமே, அதை. எட்டு மாசம் முன்னே புதுச்சேரிக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, செண்பகம் வயசுதான் இருக்கும், ஒரு டப்பாவுக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள். “புள்ளி தெரிஞ்சா பட்டனை அமுத்துங்க ஐயா.” அவர் காத்திருந்தார். அமுக்கினார். காத்திருந்தார். காத்திருந்தார். காத்திருந்தார். புள்ளி வரவில்லை என்றுதான் அவர் நினைத்தார். வந்துகொண்டே இருந்திருக்கிறது. “கண்ணுல பிரஷர். நரம்பு ஓரத்துல இருந்து காய்ஞ்சுக்கிட்டே வந்திருக்கு. நடுவுல மட்டும் நல்லா இருக்கு. போனது வராதுங்க, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். என்ன வேலை பாக்கறீங்க?” சொன்னார். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, இல்லை பயமா? அவளும் பஸ்ஸில் போகிறவள்தானே.

அவராகத்தான் போனார் டாக்டரிடம், யாரும் அனுப்பவில்லை. அதையும் சொல்லவேண்டும், தன்னிடமே சொல்லிக்கொள்ளவேண்டும், அடிக்கடி. பங்குனி மாதம், விடியற்காலை முதல் நடை, ஒரு பால்காரர் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் மாட்டிக்கொண்டு வந்தார். வந்தார் என்பது அப்புறம் தெரிந்தது. ரோடு காலி, ஒன்றுமே இல்லை, திடீரென்று இடது பக்கம் டங்கென்று ஒரு சத்தம், பிரேக்கை மிதித்து இறங்கிப் பார்த்தால் ரோடெல்லாம் வெள்ளையாக ஓடுகிறது. அந்த ஆள் விழவில்லை. கேனில் லேசாகப் பட்டிருந்தது, அவ்வளவுதான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒரு ஆரன் அடிக்கக்கூடாதாண்ணே?” என்றார். திட்டியிருந்தால் தேவலை. அண்ணே என்றார். எத்திராஜ் மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார், மூடி காலடியிலேயே கிடந்தது, அதைத் தேட இவ்வளவு நேரமா என்று அந்த ஆளே குனிந்து காட்டினார். அந்த வாரமே புதுச்சேரி. அடுத்த வாரம் மேனேஜர் மேஜைமேல் கடிதம், பார்வைக் குறைவின் காரணமாக இனி வண்டி ஓட்ட இயலாது. மேனேஜர் படித்துவிட்டு, “வேறே யாராவதா இருந்தா இதை எழுதாமலே இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருப்பாங்க எத்திராஜ், ரிடையர்மெண்டு வரைக்கும்” என்றார். டிப்போவில் நேரம் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். எல்லாம் சரி. ஒன்றைத்தான் அவர் சரியாகச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து, “பச்ச, எனக்கு உக்காந்த வேலை கொடுத்துட்டாங்க, சீனியாரிட்டியில” என்றார். அவள் முகத்தில் வந்த சிரிப்பை அவர் கண்ணில் மிச்சமிருந்த வட்டத்துக்குள் முழுசாகப் பார்த்தார். தான் வேலை பார்க்கிற அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தாள், தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், இனிமே அவரு ராத்திரி வண்டி போகமாட்டாரு, நானும் நிம்மதியாத் தூங்குவேன். அந்தப் பொங்கலுக்குப் பின்னால் எப்படிச் சொல்வது? இன்று நாளை என்று எட்டு மாதம். சொன்னால் முதலில் அங்கன்வாடி வேலையை விடுவாள். அந்தப் பிள்ளைகள் அவளைப் பெரியாயா என்று கூப்பிடும், அந்தக் குரலுக்காகவே அவள் காலையில் ஓடுகிறவள், அதை விட்டுவிட்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆரணியிலிருந்து செண்பகம் வந்து அழுவாள். அதனால் சொல்லவில்லை. அதனாலா? இல்லை எத்திராஜ், அதனால் இல்லை. அந்தப் பால்காரரைப் பற்றியும் சொல்லவேண்டி வரும், அதனால்தான். ராத்திரி சொட்டு மருந்தைக் குளியலறைக்குள் போய் விட்டுக்கொள்வார், கேட்டால் எரிச்சலுக்கு என்பார். தெரியாத பக்கத்தைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். “இன்னாங்க கோழி மாதிரி கழுத்தை ஆட்டறீங்க?” என்பாள். “சுளுக்கு” என்பார். பொய்க்கு எவ்வளவு உடல் உபாதை வேண்டியிருக்கிறது.

சட்டென்று எல்லாரும் எழுந்தார்கள். ஏன் எழுந்தார்கள் என்று தெரியவில்லை, ஒருத்தர் எழுந்தார், பத்துப் பேர் எழுந்தார்கள், ஆயிரம் பேர் எழுந்தார்கள். எத்திராஜும் எழுந்தார், எழும்போது பச்சையம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார், அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “அஞ்சு நாப்பது!” வேட்டவலத்துக்காரரின் குரலே மாறிவிட்டது, அவரும் முப்பத்தோரு வருஷத்தையெல்லாம் மறந்து முதல் தடவை வந்தவர் போலத்தான் இருந்தார். மேளம் கேட்டது. பஞ்ச மூர்த்திகள் ஒவ்வொருவராக வருகிறார்கள், பிள்ளையார், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர், வந்து மண்டபத்தில் அமர்கிறார்கள், அவர்களும் இவர்களைப்போலவே காத்திருக்கப்போகிறார்கள். தவில் அடி நெஞ்செலும்பில் வந்து விழுகிறது. நாயனம் மேலே மேலே போகிறது, மூச்சே விடாமல். எத்திராஜின் வட்டத்துக்குள் ஒரு குடை வந்தது, தங்க நிறத்தில் அதன் கும்பம், அப்புறம் ஒரு தீவட்டி, அப்புறம் யாருடைய கையோ உயரே கும்பிட்டபடி, அப்புறம் ஒரு குழந்தை அப்பன் தோளில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு. ஒவ்வொன்றாக, துண்டு துண்டாக. ஆனால் சத்தம் துண்டாக இல்லை, வாசனை துண்டாக இல்லை, அது மொத்தமாக வந்து மேலே விழுந்தது, உடம்பு முழுக்க மயிர்க்கால் நின்றது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் பயம். அந்தி வந்தால் அவருக்கு ஓரங்கள் மட்டுமல்ல, தரையும் போய்விடும். “செண்பா அப்பா” என்றாள் பச்சையம்மாள் கீழேயிருந்து, “எனக்கு முதுவுதான் தெரியுது. ஒரே முதுவு. நீங்க நல்லாப் பாத்துக்குங்க. பாத்துட்டு எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும்.” “வா, தூக்கறேன்” என்றார். “அய்ய! மானம் போவும்” என்று அவர் விலாவில் ஒரு குத்து விட்டாள், சிரிப்பு அடங்கவில்லை அவளுக்கு. நான் நல்லாப் பாத்துக்கணும். நான். ஊரிலேயே இருக்கிற கண்களில் போயும் போயும் இந்தக் கண்ணை நம்பி. இப்போதே சொல்லிவிட்டால் என்ன? இந்த இரைச்சலில், இந்த முதுகுகளுக்கு நடுவில், பச்ச, எனக்கு ஓரம் தெரியறதில்ல என்று. வாய் திறந்தார். அப்போது மேளம் நின்றது.

மேளம் நின்றதும் லட்சம் பேரும் நின்றார்கள். ஒரு சொட்டுத் தூறல் நெற்றியில் விழுந்தது. அந்த மௌனத்தில் வேட்டவலத்துக்காரர் மூச்சு விடுவது கேட்டது. எத்திராஜ் ஒரே ஒரு முடிவு எடுத்தார், தேடக்கூடாது. கொடிமரத்துக்குப் பக்கத்தில், சாமி வருகிற வழியில், ஒரு இடத்தில் கண்ணை வைத்துவிடவேண்டும், வளைவில் எதிர் வண்டிக்குக் காத்திருப்பது மாதிரி. வருவது வரட்டும். கொடிமரத்தின் பித்தளைத் தகட்டில் ஒரு இடத்தைப் பிடித்து, கொஞ்சம் இறக்கி, அங்கே நிறுத்தினார். கண் எரிந்தது, இமைக்கவில்லை. திடீரென்று மேளம் உடைந்தது, அணை உடைகிற மாதிரி, மணிகள், சங்கு, ஜனங்களின் தொண்டை, எல்லாம் ஒன்றாக, அவருடைய வட்டத்துக்குள் முதலில் ஒரு தோள் வந்தது, வேர்வை வழிகிற, பல்லக்குத் தண்டு அழுந்திய கறுத்த தோள். தோள் குதித்தது. தோளுக்கு மேலே மாலை குதித்தது. மாலைக்கு மேலே, அடடா. அடடா! பாதி முகம் திருநீறு, பாதி முகம் மஞ்சள், ஒரு காதில் தோடு, ஒரு காதில் குழை, ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் பூ, ஆடுகிறது, இந்தப் பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கம் சாய்கிறது, பட்டின் சரிகை தீவட்டியில் மின்னி மின்னி அணைகிறது, அவர் தலையைத் திருப்பவே இல்லை, சாமியே வட்டத்துக்குள் வந்து வந்து போனது. வெளியில் இருந்த எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஆட்டம். இவ்வளவு தெளிவாக இங்கே வேறு யார் பார்த்திருப்பார்கள்? இவர்களுக்கெல்லாம் குடையும் தெரிகிறது, தூணும் தெரிகிறது, பக்கத்து ஆளின் கைபேசியும் தெரிகிறது. இருபத்தாறு வருஷம்! வாய் அரோகரா என்று கத்துகிறது, யார் கத்துவது, நானா, தொண்டை கிழிகிறது, முகமெல்லாம் ஈரம், தூறலா என்னவோ. கொடிமரத்தடியில் தீபம் குபீரென்று எழுந்தது. எங்கோ வெடி வெடித்தது. அடுத்த நொடி எல்லாத் தலையும் மேலே திரும்பியது.

அவரும் திருப்பினார். கறுப்பு. இல்லை, சாம்பல். வானம் சாம்பல், மலை எங்கே? இடது பக்கம் போனார், கோபுரத்து இருட்டு. வலது பக்கம், ஒன்றுமில்லை. மேலே, ஒன்றுமில்லை. சுற்றிலும் அரோகரா பிளக்கிறது, அண்ணாமலையாருக்கு அரோகரா, வேட்டவலத்துக்காரர் விசும்பி அழுகிறார், “விலகிடுச்சு சார், மேகம் விலகிடுச்சு, பாத்தீங்களா, சொன்னனா” என்று தோளைப் பிடித்து உலுக்குகிறார், உலுக்கியதில் இருந்த இடமும் தவறிப்போயிற்று. பச்சையம்மாள் குதித்தாள். மலை உயரத்தில் இருப்பதால் முதுகுகள் அவளை மறைக்கவில்லை, குட்டைக்காரிக்கும் உச்சி உச்சிதான். “பிடிச்சிடுச்சு! செண்பா அப்பா, குப்புனு பிடிச்சிடுச்சு! எம்மாம் பெருசு! பாருங்க, பாருங்க!” ஆமாம், நல்லா எரியுது. அதைச் சொன்னால் போதும். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டால் முடிந்தது, போன வருஷம் போலவே, அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் ஆமாண்டா ஆமாண்டா என்று, வட்டம் பொத்தலாகி, பொத்தல் ஊசிமுனையாகி, அப்போதும் ஆமாம் நல்லா எரியுது. “எனக்குத் தெரியல பச்ச” என்றார். கேட்கவில்லை அவளுக்கு. குதித்துக்கொண்டிருந்தாள். “பச்ச, எனக்குத் தெரியல.” “இன்னா?” “தெரியல!” என்று கத்தினார். “எனக்குக் கண்ணு தெரியலடி! ஓரமெல்லாம் போயிடுச்சு! எட்டு மாசமாச்சு! சீனியாரிட்டி இல்ல, கண்ணு! நானா எழுதிக் கொடுத்தேன்!” இரைச்சலில் கத்தினதால் அது ஏதோ சண்டை போடுவது மாதிரி இருந்தது, முன்னால் நின்ற ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பச்சையம்மாள் குதிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை, இருட்டிவிட்டது, குனிந்து தேடவும் பயமாக இருந்தது. சட்டையில் இருந்த அவள் கை மட்டும் இறுகியது. பிறகு அந்தக் கை சட்டையை விட்டது. விட்டுவிட்டாள். அந்த ஒரு நொடி, ரோட்டில் கேன் மூடியைத் தேடிய அன்றைக்குப்போல, அவர் கையால் இருட்டைத் துழாவினார். அதற்குள் இரண்டு கைகள், நெய்யும் விபூதியும் புளிச்சோறும் மணக்கிற இரண்டு சின்னக் கைகள், எட்டி எட்டி அவர் தாடையைப் பிடித்தன. “குனியுங்க கொஞ்சம், எட்டல. ம். கொடிமரம் தெரியுதா?” “எங்க?” “அடிலருந்து வாங்க. தீபம் எரியுதே அது தெரியுதா?” “தெரியுது.” “அதைப் பிடிச்சுனே மேல வாங்க. மெதுவா. வா வா வா வா. தகடு தெரியுதா? உச்சி தெரியுதா?” “தெரியுது.” “அங்கயே நில்லுங்க. இப்ப மேல. நேரா மேல. இன்னும். லெப்ட்ல கொஞ்சம், கொஞ்சம்னா கொஞ்சம், ஏன் ஓடறீங்க, பின்னால வாங்க. ம், வா. வா. இன்னும் வா.” கறுப்பு. கறுப்பு. கறுப்பு ஓரத்தில் லேசாக ஒரு சிவப்பு. “நில்லுங்க!” நின்றார். வந்தது. மலையுச்சி, மலையுச்சியில் தீபக் கொப்பரை விளிம்பு தெரிகிற மாதிரி ஒரு பிரமை, அதிலிருந்து ஒரு நாக்கு, காற்றுக்கு வளைந்து, நிமிர்ந்து, வளைந்து, புகையைக் கக்கிக்கொண்டு. வட்டம் முழுக்க அதுதான். “தெரியுதுடி” என்றார். “தெரியுது. தெரியுது. அசையாத. கையை எடுக்காத.” அவள் எடுக்கவில்லை. கை வலிக்கும் அவளுக்கு, எட்டிப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கிறாள், தெரியும், ஆனாலும் எடுக்காதே என்றுதான் சொன்னார்.

கூட்டம் கலைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. “அடுத்த வருஷம் பாப்போம் சார்” என்று வேட்டவலத்துக்காரர் போனார், இருவருக்கும் திருநீறு கொடுத்துவிட்டு. ஊருக்குள் அதுவரை அணைந்திருந்த விளக்கெல்லாம் ஏற்றியிருப்பார்கள் இந்நேரம், வாசல் வாசலாக அகல். பச்சையம்மாள் அவரை ஒரு தூணோரமாக உட்காரவைத்தாள், தான் எதிரே உட்கார்ந்தாள், நேர் எதிரே, அவருக்குத் தெரிகிற இடம் எது என்று கேட்டு அங்கே. பின்பு திட்டினாள். பத்து நிமிஷம் திட்டினாள். இருட்டுல கெணத்தங்கரைக்குத் தனியாப் போனியே, போன வாரம்கூடப் போனியே, வழுக்கி விழுந்திருந்தா எங்க போயித் தேடறது நானு, எம்மா நெஞ்சழுத்தம் இருந்தா எட்டு மாசம் ஒரே ஊட்டுல இருந்துக்கினு. கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை போய்விடும், கல்யாணமான புதிதில் இருந்தே அப்படி. பால்காரரைப் பற்றியும் அவர் சொன்னார். அதைக் கேட்டு அவள் திட்டவில்லை, “அந்த ஆளு நல்லா கீறாரா?” என்று மட்டும் கேட்டாள். “நல்லா கீறாரு. அதே ரோட்டுல பால் ஊத்தறாரு. டிப்போவுக்கு வெளியே பாப்பேன்.” “பேசினியா?” “இல்ல.” “நாளைக்கு நானும் வரேன். பேசலாம்.” அங்கன்வாடி வேலையை விடக்கூடாது என்று அவர் சத்தியம் கேட்டார். “அதை ஏன் நான் உடறேன்? நீ வேணா வந்து அங்க உக்காரு, பசங்களுக்குப் பஸ் கதை சொல்லு” என்றாள். எத்திராஜுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றில் அந்த என்னவோ இன்னும் நிற்கவில்லை, எல்லாம் முடிந்த பிறகும், இப்போதுதான் வண்டி கிளம்பப்போகிற மாதிரி. மூக்கை முந்தானையில் சிந்திவிட்டு அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். மரியாதை திரும்பி வந்தது. “சரி சொல்லுங்க. சாமி எப்படி இருந்துச்சு? எனக்கு ஒரே முதுவு. ஒண்ணு விடாம சொல்லணும்.” சொன்னார். தோளைச் சொன்னார், அது குதித்ததைச் சொன்னார், மாலையை, தோட்டை, குழையை, எந்தப் பக்கம் முதலில் சாய்ந்தது, அப்புறம் எந்தப் பக்கம் என்பதை. இரண்டு நிமிஷத்தைச் சொல்ல அரை மணி ஆயிற்று. அவள் ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்றாள், திருப்பிக் கேட்டாள், சடையில பிறை இருந்துச்சா, இருந்துச்சு, மூக்குத்தி, இருந்துச்சு, எந்த மூக்குல, அம்மன் மூக்குலதான்டி. மழை வலுத்து மண்டபத்து விளிம்பில் கொட்டத் தொடங்கியது, அந்தச் சத்தத்தில் அவள் காதைக் கிட்டே கொண்டுவந்தாள். “அம்மன் பக்கம் பொடவை இன்னா கலரு?” என்றாள். எத்திராஜ் கண்ணை மூடினார். மூடியதும் வந்து ஆடியது, சரிகை மின்னி மின்னி அணைய, அவ்வளவும், ஓரம்கூடக் குறையாமல்.

“பச்ச” என்றார்.

“இங்கதான் கீறேன், சொல்லுங்க” என்றாள் அவள்.